திரியாத பால்

பூமயில் காலையில் எடுத்து வைத்துவிட்டுப் போகும் தாய்ப்பால் சாயங்காலம் வரைக்கும் கெடாது. அந்தக் குடியிருப்பில் அவளுக்கு இருந்த ஒரே பெருமை அதுதான். தகரக் கூரை பழுத்துக்கொண்டிருக்க, கீழே மூடி போட்ட டம்ளரில் பால் வெள்ளை வெளேரென்று அப்படியே இருக்கும். அவளுடைய நாத்தனார் சீனியம்மா அதைக் கதவு கதவாகச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். குழந்தை அரசி கக்கினால்கூடப் போன பால் போன மாதிரியே வெளியே வந்தது. சீனியம்மா அதை விரலில் தொட்டு, கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்து, கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகச் சொன்னாள்.

"பாரு மயிலு. ஒரு பிசிறு இல்ல. இந்த மாதிரிப் பால் எந்த மகராசிக்கு வரும்?"

அந்தப் பக்கத்தில் பால் திரிந்துபோனது என்று யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பிள்ளை பெற்ற வீட்டில் அந்தச் சொல்லே ஆகாது. சொன்னால் குடும்பம் திரியும், உறவு திரியும், பிள்ளை நோஞ்சானாகும் என்பார்கள். அடுப்பில் பால் கெட்டாலும், "பால் கோவிச்சுக்கிருச்சு" என்று சொல்லிவிட்டு வாசலில் கொண்டுபோய்க் கொட்டுவார்கள். கோபமே படாத பால் கிடைத்தால் கொண்டாடாமல் என்ன செய்வார்கள்?

சாயல்குடிக்கு மேற்கே கருவேலங்காடு இருந்த இடமெல்லாம் இப்போது கண்ணாடிக் காடு. கண்ணுக்கு எட்டிய மட்டும் சூரியப் பலகைகள் சாய்ந்து கிடந்தன. அவற்றின் மேல் படியும் தூசியை இயந்திரங்கள் துடைத்த காலம் ஒன்று இருந்தது. வெயில் ஏற ஏற இயந்திரங்கள் படுத்துவிட்டன. ஆட்கள் படுக்கவில்லை. முன்பெல்லாம் அவர்களும் படுத்தார்கள்; பலகைகளுக்கு நடுவில் சுருண்டு விழுந்தார்கள், சிலர் எழுந்திருக்கவே இல்லை. அதற்காக உச்சி வெயிலில் வேலை கூடாது என்று ஒரு சட்டம்கூட இருந்தது. பிறகு அந்த ஊசி வந்தது. பாட்டிலில் ஏதோ நீளமான பெயர் போட்டிருந்தது. சனங்கள் அதை இளகா ஊசி என்றார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு மயக்கம் இல்லை, தலைவலி இல்லை, வேர்வைகூட இல்லை. யாரும் விழுவதில்லை என்று ஆனபிறகு அந்தச் சட்டமும் சத்தமில்லாமல் போய்விட்டது. உடம்பு தாங்கும் என்று தெரிந்துவிட்டால் அப்புறம் உடம்பை யார் கேட்கப் போகிறார்கள்?

பிள்ளை பெற்ற பெண்களைக் குடியிருப்பை ஒட்டிய வரிசையில் போட்டிருந்தார்கள். அந்த வரிசைக்குப் பால்வாடி என்று பெயர் விழுந்திருந்தது. வேலிக்கு இந்தப் பக்கம் நின்று துடைத்தபடி அந்தப் பக்கத்துத் தகரக் கூரையைப் பார்த்துக்கொள்ளலாம். நடுவில் பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு வரலாம் என்று முதலில் சொன்னார்கள். அதற்கான விசில் மட்டும் ஒரு நாளும் ஊதப்படவில்லை.

அரசிக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. குடித்தாள், கக்கினாள், தூங்கினாள், மறுபடி குடித்தாள். ஆனால் கைகளில் சதை பிடிக்கவில்லை. பிறந்தபோது போட்ட கருப்பு வளையல் இன்னும் முழங்கை வரை ஏறி இறங்கியது. வளரும் பிள்ளையென்றால் இந்நேரம் அதைக் கழற்றி வேறு போட்டிருக்க வேண்டும். ஊசி போட்டுக்கொள்ளும் முறை வந்தபோது பூமயில் பிள்ளையையும் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனாள். அது கம்பெனியின் ஆஸ்பத்திரி. ஒரே ஒரு டாக்டர், வஹிதா. கீழக்கரைக்காரி, பூமயில் வயதுதான் இருக்கும். எப்போதும் பாதித் தூக்கத்தில் எழுப்பிக் கொண்டுவந்தவள் போல இருப்பாள்.

டாக்டர் அரசியைத் தராசில் போட்டாள். இறக்கிவிட்டு இன்னொரு தரம் போட்டாள். என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டாள். பூமயில் பாலின் பெருமையைச் சொன்னாள். டம்ளரைச் சொன்னாள், கக்குவதைச் சொன்னாள், நாத்தனார் விரலில் தொட்டுப் பார்ப்பதைச் சொன்னாள். டாக்டரின் முகம் மாறவில்லை. ஏற்கெனவே தெரிந்த ஒரு செய்தியை மறுபடி கேட்பவள் போலத் தலையை மட்டும் ஆட்டினாள். பிறகு எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீங்க சேலை கட்டுறீங்கல்ல, பூமயில்?"

பூமயிலுக்கு விளங்கவில்லை. வேலைச் சட்டைக்கு உள்ளே சேலைதான் என்றாள்.

"பால், முட்டை, உங்க தசை, ரத்தம் எல்லாத்துலயும் புரதம்னு ஒண்ணு இருக்கு. அத ஒரு சேலைன்னு வச்சுக்கங்க. சும்மா கெடந்தா அது நீளமா ஒரு துணி, அவ்வளவுதான். மடிச்சு, கொசுவம் வச்சு, செருகினாத்தான் கட்டுன சேலை. அந்த மடிப்புலதான் அதோட வேலையே இருக்கு. வெயில் துணியக் கிழிக்காது. அதக் கிழிக்கணும்னா நெருப்பு வேணும். வெயில் கொசுவத்தத்தான் உருவும். செருகல் எல்லாம் லேசான பிடிதானே, உடம்புல சூடு ஏற ஏற ஒவ்வொண்ணா நழுவும். நம்ம ஆளுங்க விழுந்து செத்தாங்களே, உள்ள நடந்தது அதுதான்."

"ஊசி என்ன செய்யுது?"

"மடிப்புக்கு மடிப்பு ஊக்குக் குத்தி விடுது. எந்தச் சூட்டுக்கும் அவிழாது."

அப்படியானால் நல்லதுதானே என்று பூமயில் கேட்டாள்.

"வெயில்ல நிக்கறவங்களுக்கு நல்லது. சாப்பிடறவங்களுக்கு இல்ல. பிள்ளை வயித்துக்குள்ள சின்னதா ஒரு கத்திரி இருக்கு. அது விரிச்ச துணியத்தான் வெட்டும். வயித்துப் புளிப்புப் பட்டு பால் அவிழணும், ஒண்ணோட ஒண்ணு சிக்கணும், திரியணும். அப்பத்தான் கத்திரிக்கு எட்டும். உங்க பால் ஊக்கோட உள்ள போயி ஊக்கோட வெளிய வருது. இவ வயிறு நெறஞ்சுதான் இருக்கு. பட்டினியாவும் இருக்கா."

பூமயில் பிள்ளையைப் பார்த்தாள். அரசி கொட்டாவி விட்டாள். உதட்டோரத்தில் ஒரு துளிப் பால், பிசிறில்லாமல், முத்துப் போல நின்றது. இத்தனை நாளும் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகக் கொண்டாடியது அதைத்தான்.

பாக்கெட் பால் கொடுக்கலாமா என்று கேட்டாள். வீட்டில் கடைசியாக எப்போது தயிர் உறைந்தது என்று டாக்டர் திருப்பிக் கேட்டாள். பூமயில் யோசித்துப் பார்த்தாள். சீனியம்மா எத்தனையோ தரம் உறை ஊற்றிப் பார்த்துவிட்டு, வெயிலுக்கு உறை பொய்த்துவிட்டது என்று விட்டுவிட்டாள். கடையில் தயிர் என்று விற்பது மாவு கலந்த கூழ். கேன்டீனில் முட்டையை எவ்வளவு நேரம் அவித்தாலும் வெள்ளைக்கரு மூக்குச்சளி போலத்தான் இருக்கிறது. அடுப்பு சரியில்லை என்று சமையல்காரரைத்தான் எல்லோரும் திட்டினார்கள்.

"கோழிக்கும் மாட்டுக்கும் போட்டுப் பாத்துட்டுத்தான் நமக்குப் போட்டாங்க" என்ற டாக்டர், சற்று நிறுத்தி, "உங்களுக்கு" என்று திருத்திக்கொண்டாள். அந்த அறையில் குளிர்சாதனம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரின் மேலுதட்டில் மெல்லிய வேர்வை இருந்ததைப் பூமயில் அப்போதுதான் கவனித்தாள். "பெரியவங்க வயித்துல கத்திரி பெருசு. பருப்பு, சோளம்னு வேற துணியும் கெடைக்கும். இவளுக்கு நீங்க ஒருத்திதான்."

மேலிடத்துக்கு எழுதவில்லையா என்று பூமயில் கேட்கவில்லை. டாக்டராகவே சொன்னாள். எழுதியாகிவிட்டது. பிள்ளைகள் மெலிவதற்குக் காரணம் வெயில் என்று பதில் வந்துவிட்டது.

ஊசி போட மறுத்தால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் குடியிருப்பு இல்லை. குடியிருப்புக்கு வெளியே தண்ணீரும் இல்லை. இதையெல்லாம் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. டாக்டர் சிரிஞ்சைக் கையில் எடுத்துக்கொண்டு, மூலையில் இருந்த கேமராவை ஒரு பார்வை பார்த்தாள்.

"குத்தறத அது பாக்கும். உள்ள என்ன இருக்குன்னு அதுக்குத் தெரியாது. உப்புத்தண்ணி போட்டு விடறேன். பால் அன்னன்னைக்கு ஊறறது, அது முதல்ல மாறிடும். உங்க உடம்பு கொஞ்சங் கொஞ்சமா வெயிலுக்குத் தெறக்கும். இவ கஞ்சி குடிக்கற வரைக்கும் தாங்கிட்டா போதும். தாங்குவீங்கன்னு என்னால உறுதி சொல்ல முடியாது. யாருகிட்டயும் சொல்லிராதீங்க. உங்க வரிசைப் பொம்பளைங்ககிட்டயும்."

"மயங்கி விழுந்துட்டா?"

"வண்டி வரும். அதுல இருக்கற ஊசி நான் நெரப்பினது இல்ல."

பூமயில் கையை நீட்டினாள்.

புருசன் அழகுராசுவிடம் மட்டும் சொன்னாள். அவன் பொழுது சாயும் நேரத்தில் தண்ணீர்க் குழாய்களைப் பார்க்கும் வேலைக்குப் போகிறவன். பகலில் பிள்ளை அவனிடமும் கேன்டீன் வேலை முடிந்து வரும் சீனியம்மாவிடமும் மாறி மாறி இருக்கும். கேட்டுவிட்டு அவன் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பிள்ளையின் வளையலை முழங்கை வரை ஏற்றினான், இறக்கினான்.

"எனக்குப் பால் வரும்னா நான் குடுத்துருவேன் புள்ள. இங்கிட்டு அந்த வசதி இல்லாமப் போச்சு."

அவள் சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. விழுந்துவிட மாட்டாயே என்று கேட்டான். மாட்டேன் மச்சான் என்றாள். கேட்டதற்கும் சொன்னதற்கும் பொருளில்லை என்று இருவருக்கும் தெரியும். அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்தார்கள். சீனியம்மா வாயில் எதுவும் தங்காது. தவிரவும், இத்தனை நாள் அவள் கொண்டாடிய பாலைப் பற்றி இதை எப்படிச் சொல்வது?

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஒருநாள் வேலையில் முதுகுத்தண்டில் எறும்பு ஊர்வது போல இருந்தது. கையைப் பின்னால் விட்டுத் தட்டினாள். விரல் நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தாள். உப்பு. பல வருசமாகப் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டுக்குள் யாரோ நடமாடுவது போல இருந்தது அவளுக்கு. அடுத்தடுத்த நாட்களில் வெயில் அவளை ஒவ்வொரு இடமாகக் கண்டுபிடித்தது. உச்சந்தலை, காது மடல், பிறகு கண்ணுக்குப் பின்னால் ஒரு இடம். கண்ணாடிகளிலிருந்து எழும் வெளிச்சம் இரைச்சல் போலக் கேட்டது. சட்டைக்கு உள்ளே ஒரு பழைய துண்டைச் சுற்றிக்கொண்டாள், வேர்வை வெளியே தெரியாமலிருக்க. துடைக்கும் துணியால் யாரும் பார்க்காதபோது முகத்தை ஒற்றிக்கொண்டாள். பக்கத்தில் துடைக்கிறவள் திரும்பினால் உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள். அவர்களும் இப்போதெல்லாம் அதிகம் பேசுவதில்லை. வரிசையே சோர்ந்து கிடந்தது.

இந்தத் தடவை வந்த மருந்து மட்டம் என்று ஆண்கள் வரிசையில் பேசிக்கொண்டார்கள். பால்வாடி வரிசையில்தான் அடிக்கடி கால் தடுமாறுகிறதாம், பொம்பளைகளுக்கு மருந்து பிடிக்கவில்லையாம். அதற்கேற்ற மாதிரி செவந்தி என்பவள் ஒருநாள் பலகை மேலேயே சாய்ந்து விழுந்தாள். மயக்க வண்டி வந்தது. தொடையில் ஒரு ஊசி, அப்புறம் இன்னொரு ஊசி. மறுநாள் செவந்தி உலர்ந்த தோலோடு வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகு அவள் யாரோடும் பேசவில்லை. ஊசி போட்டால் இப்படியா மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வாள் என்று பூமயில் நினைத்தாள். அதற்கு மேல் நினைக்க அவளுக்குத் தெம்பில்லை.

அந்த வரிசையை மேய்க்கிறவள் மேஸ்திரி உடையம்மா. இளகாதவள் என்று அவளுக்குப் பட்டப்பெயர். ஊசிக்கு முன்னாலிருந்தே அப்படித்தான் என்று கேலி செய்வார்கள். எப்போதும் பின்னால் நின்று முதுகுகளைப் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

அன்றைக்குக் காற்றே இல்லை. பூமயில் தன் வரிசையின் நடுவில் இருந்தாள். பலகையின் விளிம்பு இரண்டாகத் தெரிந்தது. ஒன்றைப் பிடித்தால் மற்றது நழுவியது. விழக்கூடாது, விழுந்தால் இத்தனை நாளும் வீண் என்று தனக்குள் சொல்லிக்கொண்டே துடைத்தாள். துணி கையிலிருந்து விழுந்ததை அவள் கவனிக்கவில்லை. வெறுங்கை பலகையில் பட்டதும் சுட்டது. சுட்டதை உணர்ந்ததும் வலியை மீறி ஒரு ஆச்சரியம் வந்தது.

அப்போதுதான் வேலிப் பக்கமிருந்து கத்தல் கேட்டது. சீனியம்மா ஓடி வந்துகொண்டிருந்தாள். செருப்பில்லை. தோளில் பிள்ளை, கையில் கக்கல் துணி. வேலியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினாள். கண்ணில் தண்ணீர்.

"மயிலு, போச்சு தாயி. எல்லாம் போச்சு. பால் திரிஞ்சிருச்சு."

வரிசை அப்படியே நின்றது. அந்தச் சொல்லை, அதுவும் பச்சைப்பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு, யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

பூமயில் வேலிக்கு நடந்தாள். நடந்தது எப்படி என்று பிறகு அவளுக்கு நினைவில்லை. சீனியம்மா கம்பி இடுக்கு வழியாகத் துணியை நீட்டினாள். யாரோ கண் வைத்துவிட்டார்கள், நேற்று வரை நல்லாயிருந்த பால், அரசி கக்கினதும் பார்த்தால் இப்படி என்று அரற்றினாள். துணியில் சின்னச் சின்னதாய் வெள்ளைப் பிசிறுகள். பூமயில் விரலால் தொட்டாள். நசுங்கியது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதை அடக்கப் பார்த்ததில் அது அழுகை போல வெளியே வந்தது.

அவள் தோளுக்குப் பின்னால் ஒரு மூச்சு கேட்டது. பக்கத்தில் துடைக்கிறவள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி, அடுத்து இன்னும் இருவர். யாரும் சீனியம்மாவுக்கு ஆறுதல் சொல்லவில்லை. எல்லோரும் துணியைத்தான் பார்த்தார்கள். அந்த ஊர்ப் பக்கத்துப் பெண்கள் அப்படிப்பட்ட ஒன்றைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இவர்களோ கோயிலில் பிரசாதத்துக்கு முண்டுகிறவர்கள் போல எட்டி எட்டிப் பார்த்தார்கள்.

"எங்க, காட்டு" என்றாள் ஒருத்தி.

"உனக்கு எத்தன நாள்ல ஆச்சு?" என்றாள் இன்னொருத்தி, மிக மெல்லிய குரலில்.

பூமயில் திரும்பிப் பார்த்தாள். கேட்டவளின் கழுத்துக்குழியில் வேர்வை தேங்கியிருந்தது. அவளுக்கு அடுத்தவளின் சட்டைக்குள் துண்டு ஒன்று துருத்திக்கொண்டு தெரிந்தது. பூமயிலுடையது போலவே சுற்றியிருந்தாள். ஒவ்வொருத்தியின் கண்ணும் மற்றவள் நெற்றிக்குப் போயிற்று. எல்லோருமே, யாரிடமும் சொல்லாதே என்று டாக்டர் வாயால் தனித்தனியாகக் கேட்டு வந்தவர்கள் அல்லவா? செவந்தி மட்டும் வேலிப் பக்கம் வரவில்லை. தூரத்தில் தன் பலகையருகே நின்று இங்கே பார்த்தாள். பிறகு குனிந்து துடைக்கத் தொடங்கினாள். அவள் முதுகு மட்டும் காய்ந்திருந்தது.

பூமயிலின் முழங்கால் மடங்கியது. இரண்டு பக்கமும் கைகள் வந்து பிடித்தன. பாதைத் திருப்பத்தில் மயக்க வண்டியின் மணிச் சத்தம் கேட்டது. கூட்டம் கூடினால் அது தானாக வந்துவிடும்.

"திரும்புங்கடி கழுதைகளா" என்றாள் உடையம்மா. அவள் எப்போது வந்தாளோ தெரியவில்லை. கையில் பலகை கழுவும் குழாய். அந்தத் தண்ணீரை ஒரு சொட்டு வீணாக்கினாலும் வைது தீர்ப்பவள் அவள். "நாள் முச்சூடும் முதுகப் பாத்துக்கிட்டு நிக்கிறவ நானு. எனக்குத் தெரியாதுண்டு நெனச்சீகளா?"

குழாயைத் திருகி வரிசையின் மேல் பிடித்தாள். தலையிலிருந்து கால் வரை, ஒருத்தி விடாமல். தண்ணீர் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் பூமயிலுக்குக் கண்ணுக்குப் பின்னால் இருந்த இடத்தில் ஒரு கதவு சாத்தப்பட்டது போல இரைச்சல் நின்றது.

வண்டிக்காரன் இறங்கவில்லை. சன்னலைக் கீழே இறக்கி என்ன என்று கேட்டான்.

"குழாய் பிச்சுக்கிச்சு. கண்ணில்லையா?"

அவன் நனைந்த பெண்களைப் பார்த்தான். எல்லோரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியை இருவர் இறுக்கிப் பிடித்திருந்தது மட்டும் அவ்வளவு சரியாக இல்லை. ஆனால் விழுந்தவர்கள் யாரும் இல்லை. அவனுக்கும் வேறு வரிசைகள் இருந்தன. சன்னலை ஏற்றிக்கொண்டு போனான்.

உடையம்மா குழாயை நிறுத்தினாள். துணிகளை எடுங்கள் என்றாள். சாயங்கால விசிலுக்கு இன்னும் வெகுநேரம் இருந்தது. ஈரம் அதற்குள் காய்ந்துவிடும், நாளைக்குக் குழாய் பிய்த்துக்கொள்ளாது, வெயில் எங்கும் போய்விடாது. பூமயிலைப் பிடித்திருந்தவர்கள் தங்களுக்கு நடுவில் அவளை நிறுத்திக்கொண்டு அவளுடைய பலகையையும் சேர்த்துத் துடைக்கத் தொடங்கினார்கள்.

சீனியம்மா மட்டும் வேலியைப் பிடித்தபடி நின்றாள். பால் திரிந்துபோன ஒரு வீட்டுக்காரி, யாரும் துக்கம் கேட்காமல் விட்டுவிட்டதால், அழுவதா போவதா என்று தெரியாமல் நின்றாள். கையிலிருந்த துணியைப் பார்த்தாள். வாசலில் கொண்டுபோய் உதறலாம் என்று சுருட்டியவள், என்ன நினைத்தாளோ, அதை மூக்கருகே கொண்டுபோனாள்.

"ஏத்தா" என்றாள் யாரிடம் என்றில்லாமல். "தயிரு வாசமுல்ல அடிக்குது."